பதினாலாம் நம்பரின் வெள்ளை

பிப்ரவரி 10, செவ்வாய்

காலையிலேயே வெயில். வாசலில் மஞ்சள் வேகவைக்கும் பாய்லர் வண்டி வந்து நிற்கிறது. இனி ஒரு மாதத்துக்கு வீடு முழுக்க அந்த வாசனைதான், தலைக்குக் குளித்தாலும் போகாது. கல்லூரி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த கணக்கு மேடம் மூக்கைச் சுளித்துவிட்டு, "உங்க ஊட்ல வேக்காடு ஆரம்பிச்சாச்சுங்களா" என்றார். ஆமாங்க என்றேன். மல்லசமுத்திரத்தில் மஞ்சள் வெள்ளாமை செய்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவளிடம் வேறென்ன வாசனை வரும்.

முதலாம் ஆண்டு விடைத்தாள் பாதி முடிந்தது. ஆய்வகச் சாவி தொலைந்து, என் பையிலேயே கிடைத்தது. ஜிப் போன பையை இன்றும் தைக்கக் கொடுக்கவில்லை.

மதியம் ஜர்னலிலிருந்து மெயில். கட்டுரையை நிராகரிக்கவில்லை. பொருளைப் புதிதாகத் தயாரித்து, வேறொரு ஆய்வகத்திலும் அளந்து அனுப்பச் சொல்கிறார்கள். என் ஆய்வுக்கு வழிகாட்டும் கைடுக்குப் போன் செய்தேன். சேலத்தில் வெயில் இன்னும் மோசம் என்றார். பிறகு, "இதெல்லாம் சம்பிரதாயம்மா. அளந்து அனுப்பிட்டா முடிஞ்சுது" என்றார்.

பதினாலாம் நம்பர். ஆந்த்ரசீன் என்ற வேதிப்பொருளின் குடும்பத்தில் நான் செய்த பொருள்களில் பதினாலாவது. கோயில் திருவிழாவில் நோம்பிக்கடையில் விற்கும் ஒளிக்குச்சிக்குள் இருப்பதும், செல்போன் திரையில் மினுங்குவதும் இதற்கு ஒன்றுவிட்ட உறவு. மற்ற பதின்மூன்றும் யூவி விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். இது மட்டும் கண்ணாடித் தகட்டில் பூசினால் வெள்ளையாக ஒளிர்கிறது. ஒரே பொருளிலிருந்து வெள்ளை வெளிச்சம் வருவது அபூர்வம், அதனால்தான் கட்டுரை. கட்டுரை வந்தால்தான் ஆய்வேடு கொடுக்க முடியும். என் பிஎச்.டி. பதிவு மார்ச்சோடு முடிகிறது, ஏற்கெனவே நீட்டித்தது. மே மாதம் கைடு ஓய்வு. டாக்டர் பட்டம் இல்லாதவர்களுக்கு அடுத்த கல்வியாண்டில் வேலை கிடையாது என்று எங்கள் தனியார் கல்லூரியில் சொல்லியாகிவிட்டது.

இதையெல்லாம் இங்கே எதற்கு எழுதுகிறேன். எனக்குத் தெரியாததா. எழுதினால் பயம் குறையும் என்று யாரோ சொன்னார்கள். குறையவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

இரண்டாம் ஆண்டு வகுப்பு. ஒரு பெண் ஒளிக்குச்சி கொண்டுவந்திருந்தாள், இது எப்படி எரிகிறது என்று கேட்டாள். எரியவில்லை என்று ஆரம்பித்தேன். சூடு இல்லை, மின்சாரம் இல்லை. வளைத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய கண்ணாடிக் குழாய் உடைகிறது, இரண்டு திரவங்கள் கலக்கின்றன. அதில் வரும் சக்தியைச் சாயப்பொருள் வாங்கி வெளிச்சமாகக் கொடுக்கிறது. என்ன நிறம் என்பது சாயத்தின் விருப்பம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பெருமை யாரை விட்டது. சாயத்துக்குப் பதில் என் பதினாலைப் போட்டுக் காட்டுகிறேன் என்றேன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினோம். வகுப்பே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. திரவத்தை ஊற்றினேன். நீலம். நல்ல, அழகான, சாதாரண நீலம்.

"மேடம், ஒயிட்டுன்னு சொன்னீங்களே."

"கரைசல்ல நீலமாத்தான் வரும். தகட்டுல பூசுறப்பத்தான் மூலக்கூறுங்க நெருங்கி உக்காரும். அப்ப வெள்ளை."

சரியான விளக்கம். கட்டுரையில் எழுதியிருப்பதும் இதுதான். இருந்தும் அந்த நீலம் மதியம் வரை மனதை விட்டுப் போகவில்லை. டிபன் பாக்ஸைத் திறக்காமலே திரும்பக் கொண்டுவந்தேன். அத்தை பார்த்துவிட்டார்.

வாங்க வேண்டியது: சிவப்புப் பேனா, அலுமினியத் தாள். தகடு துடைக்கும் துணியும் தீரப்போகிறது, அத்தையிடம் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 14, சனி

விடுமுறை என்று பெயர். வேகவைத்த மஞ்சளைக் களத்தில் பரப்பிவிட்டு, நிமிர முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அத்தை பீரோவைத் திறந்து ஒரு சேலையை எடுத்துக்கொண்டு வந்தார். மாம்பழ நிறம், அரக்குக் கரை.

"இந்தா சாமி. பட்டம் வாங்கற அன்னைக்குக் கட்டிக்க."

"இன்னும் ஒண்ணும் முடியலைங்கத்தை."

"முடிஞ்சாப்பலதான். பொட்டிக்குள்ள கெடந்தா கெட்டா போயிருது."

முந்தானை மூலையில் ஈர மஞ்சள் தொட்டு வைத்திருந்தார். இந்த வீட்டில் அதில்லாமல் எந்தப் புதுத் துணியும் யார் கைக்கும் போகாது. மாமனார் போன பிறகு இந்தப் பண்ணையத்தை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறவர். எனக்குக் கல்யாணம் ஆகி வந்த புதிதில், "நீ படிக்கறதுன்னாப் படி, அடுப்பை நாம் பாத்துக்கறேன்" என்றார். இன்றுவரை பார்த்துக்கொள்கிறார். படிப்புத்தான் முடிந்தபாடில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் போன். சத்தீஸ்கரில் ரிக் வண்டியோடு இருக்கிறார், தண்ணீருக்குப் போர் போடுகிற கம்பெனிக்கு மேனேஜர். பின்னால் கம்ப்ரஸர் சத்தம். பாதி கேட்கவில்லை. "பங்குனிக்கு வாரேன். ரெண்டு பேரும் ஜேடர்பாளையம் போயி மீன் திங்கலாம்" என்றது மட்டும் கேட்டது. போன பங்குனிக்கும் இதையேதான் சொன்னார்.

பிப்ரவரி 18, புதன்

பதினாலைப் புதிதாகச் செய்து முடித்தேன். வெளிர்மஞ்சள் தூள், ஊசி ஊசியாக நன்றாகப் படிந்திருக்கிறது. கோவையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் ரேவதிக்கு ஒரு சிட்டிகை அனுப்ப வேண்டும். எம்.எஸ்சி.யில் கூடப் படித்தவள், அளந்து தருகிறேன் என்றாள். குப்பியை அலுமினியத் தாளில் சுற்றினேன். வெளிச்சத்தில் ஒளிர்கிற பொருள் வெளிச்சத்தாலேயே கெடும். என்ன பிழைப்போ.

கூரியர் கடையில் சண்டை மாதிரி ஒன்று.

"என்னங்க பவுடரு?"

"காலேஜ் சாம்பிளுங்க."

"மோந்து பாத்தா ஒண்ணும் ஆவாதுங்களா?"

"மோந்து பாக்காதீங்க."

"அப்ப என்னமோ இருக்குது."

கல்லூரி முத்திரை போட்ட கடிதம் இல்லாமல் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். திரும்பப் போய் வாங்கி வந்தேன். அரை நாள் போச்சு. ஒரு வகுப்பு ஈடுகட்ட வேண்டும்.

துணி கேட்க மறந்தேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

ரேவதி போன். அப்போது நான் தேர்வு அறையில் மேற்பார்வை. வெளியே வந்து திரும்பக் கூப்பிட்டேன்.

"சுமதி, நீலந்தாண்டி வருது."

"தகட்டுல பூசித்தானே பாத்தே?"

"பின்ன? திரும்பத் திரும்பப் பூசிப் பாத்துட்டேன். கெட்டியாவும் பூசினேன், மெலிசாவும் பூசினேன். சுத்தமான நீலம். வெள்ளையே இல்லை."

நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. தேர்வு அறைக்குத் திரும்பிப் போய் நின்றேன். ஒரு பையன் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிப்ரவரி 25, புதன்

ரேவதிக்கு அனுப்பியது போக மீதியிருந்த அதே தூள். இங்கே பூசினேன். வெள்ளை.

கைடு சொல்கிறார்: "நம்ம லேப்ல வருதுல்ல? அப்ப அவங்க கோட்டிங் சரியில்லை. அவங்க மிஷின் வேற, நம்மது வேற."

அவர்களுடையது வெளிநாட்டு மிஷின். நம்முடையது பழைய கம்ப்யூட்டர் ஃபேனில் கண்ணாடித் தகட்டை ஒட்டிச் சுழலவிடுவது. அவர்களுக்குச் சரியாக வராதது நமக்கு வருகிறதாம். நம்ப ஆசையாகத்தான் இருந்தது. பஸ்ஸில் வரும்போது முக்கால்வாசி நம்பியும்விட்டேன். முட்டை லாரி ஒன்று ரோட்டோரம் சாய்ந்து கிடந்தது, அதைப் பார்க்கப் பஸ்ஸே ஒரு பக்கம் எழுந்து நின்றது. நான் எழுந்திருக்கவில்லை.

வீட்டில் ரசம். சாப்பிட்டேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

கரண்ட் போய்ப் போய் வந்தது. இருட்டறை கொதித்தது. இரண்டு நாளாகத் தூக்கமில்லை. தகடுகளை ஆசிட்டோன் என்ற கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்து வரிசையாக வைத்தேன். ஒன்றை எடுத்து யூவி விளக்கின் கீழ் வைத்தேன். லேசான ஒளி. மஞ்சளும் பச்சையும் கலந்தது. பூச்சு மெலிசாக விழுந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எந்தச் செறிவு என்று எழுதப் பேனாவை எடுத்த பிறகுதான் உறைத்தது. நான் இன்னும் எதையும் பூசவில்லை. அசதியில் வெறும் தகட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

வெறும் கண்ணாடி எப்படி ஒளிரும்.

அடுத்த தகடு. அதற்கடுத்தது. எல்லாம் ஒளிர்ந்தன. பெட்டி பிரிக்காத புதுத் தகடு ஒன்றை வைத்தேன். இருட்டு. அதையே துணியால் துடைத்துவிட்டு வைத்தேன். ஒளிர்ந்தது.

துணித்துண்டுகளை ஆசிட்டோனில் ஊறப்போட்டிருந்த பாட்டிலைக் கவிழ்த்தேன். பழுப்புப் பாட்டில். வெளிச்சம் ஆகாத பொருள்களோடே பழகி, எதையும் பழுப்புப் பாட்டிலில் போட்டு வைப்பதே என் வழக்கமாகிவிட்டது. அதனால் உள்ளே இருக்கும் ஆசிட்டோன் என்ன நிறம் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. பீக்கரில் ஊற்றினேன், இளமஞ்சள். துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒன்றின் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்குக் கறை.

மஞ்சள். வீட்டு மஞ்சள்.

தண்ணீரில் கரையாது, ஆசிட்டோனில் நன்றாகக் கரையும். யூவியில் நன்றாக ஒளிரும். துடைக்கும் ஒவ்வொரு தகட்டிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு படலம். அதன்மேல் பதினாலைப் பூசினால், பதினாலு தன் நீலத்தில் ஒரு பங்கைப் பக்கத்தில் இருக்கும் மஞ்சளுக்குக் கொடுக்கிறது. நீலமும் மஞ்சளும் சேர்ந்து வெள்ளை. ஒரே பொருளிலிருந்து வந்த வெளிச்சமில்லை. எங்கள் மஞ்சள் காட்டிலிருந்தும் வந்தது.

விளக்கின் கீழ் என் கையை நீட்டிப் பார்த்தேன். நகக்கண், ரேகை, மோதிரத்தின் ஓரம், எல்லாம் ஒளிர்ந்தது. சிரிப்பு வந்தது. பிறகு வெளியே போய் வாந்தி எடுத்தேன்.

மார்ச் 1, ஞாயிறு

நேற்று ஒன்றும் எழுதவில்லை. மஞ்சள் மெருகு போடும் டிரம் காலையிலிருந்து சுற்றுகிறது, காது அடைக்கிறது. தூள் பறந்து வேப்பமரத்து இலை, தண்ணீர்த் தொட்டி, நாய் எல்லாம் மஞ்சள்.

யோசித்து யோசித்து வரிசைப்படுத்திவிட்டேன். போன ஆவணியில் ஆய்வகத்தில் தகடு துடைக்கும் டிஷ்யூ தாள் தீர்ந்தது. புதிதாக வாங்கக் கையெழுத்து வரவில்லை. அத்தையிடம் பழைய வேட்டி ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்று கேட்டேன். "காலேசுக்குப் போயி ஆராவது கந்தலக் குடுப்பாங்களா" என்று, மாமனாருக்குச் சீரில் வந்து அவர் கட்டாமலே போன புது வேட்டியை எடுத்தார். கிழிக்கத்தான் கேட்கிறேன் என்று தெரியும். தெரிந்தும் மூலையில் மஞ்சள் வைத்துத்தான் கொடுத்தார். நான்தான் கிழித்தேன். அந்த மூலையும் என் கையில்தான் கிழிந்திருக்கும். பார்த்ததாகவே நினைவில்லை. நிலைப்படியில் பூசியிருக்கும் மஞ்சளைத் தினமும் தாண்டுகிறவர்கள் யார் பார்க்கிறார்கள்.

மற்ற பதின்மூன்றோடு சேர்த்து, பிளாங்க் என்கிற வெறும் தகட்டை அளந்து வைத்தது டிஷ்யூ இருந்த காலத்தில். அதைத் திரும்ப அளந்திருக்க வேண்டும். "பிளாங்க்தான் ஏற்கெனவே இருக்குதேம்மா" என்றார் கைடு. நானும் விட்டுவிட்டேன். பதினாலைச் செய்து முடித்ததும் அதே ஆவணி. புதுப் பொருள், புதுத் துணி. வெள்ளை வந்ததும் பொருளைத்தான் பார்த்தேன்.

அத்தை தோசை ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார். "மொகமே செரியில்ல. என்ன சாமி?"

"தலைவலிங்கத்தை."

மார்ச் 3, செவ்வாய்

அரைநாள் விடுப்பு. சேலம். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். கைடு அறையில் அலமாரிகளைக் காலி செய்துகொண்டிருந்தார், புத்தகங்கள் தரையில் கட்டுக்கட்டாக. நின்றபடியே சொல்லி முடித்தேன். துடைத்த தகட்டையும் துடைக்காத தகட்டையும் எடுத்துப் போயிருந்தேன். அவர் கையில் வைத்துக்கொள்ளும் சின்ன யூவி டார்ச்சை அடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுங்க சார். ரேவதிக்கு நீலம் வந்தது மட்டும் தெரியும்."

கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம தகட்டுல வெள்ளை வந்தது நெசந்தானே. நாம பொய்யா எதையும் எழுதலையே. வேற லேப்ல அளக்க வசதி இல்லைன்னு பதில் போடலாம். ஒத்துக்குவாங்க. அச்சுல வந்துட்டா அப்பறம் யாரும்மா இதைத் திரும்பச் செஞ்சு பாக்கப்போறா?"

"யாராவது செய்வாங்க சார். என்ன மாதிரி ஒருத்தி. வெள்ளை வரலையேன்னு வருசக்கணக்கா உக்காந்திருப்பா. அவ வீட்ல மஞ்சள் இருக்காது."

அவர் டார்ச்சை அணைத்தார், மறுபடி போட்டார்.

"உன் வேலை போயிரும்மா."

"தெரியுங்க சார்."

"என் கடைசி ஸ்டூடண்ட் நீ. முடிச்சு அனுப்பிட்டுப் போகலாம்னு பாத்தேன்."

அவர் மேல் கோபம் வரும் என்று நினைத்துக்கொண்டு போனேன். வரவில்லை. அவருக்கும் வயதாகிவிட்டது, அவருக்கும் அசதி. கிளம்பும்போது, நாலு நாள் டைம் குடு என்றார். சரி என்றேன். பஸ் ஸ்டாண்டில் டீ. கொதிக்கக் கொதிக்கக் குடித்து நாக்கு வெந்துபோனது.

மார்ச் 6, வெள்ளி

கைடு போன்.

"நானே எழுதி அனுப்பிட்டேன். கட்டுரையை வாபஸ் வாங்கிக்கறோம்னு. என்ன நடந்துச்சுன்னும் எழுதிட்டேன். மஞ்சள்னே எழுதிட்டேன்."

"நன்றிங்க சார்."

"துணியோட மூலைல வைக்கறதை இங்கிலீஷ்ல எப்படி எழுதறதுன்னுதான் ரொம்ப நேரம் யோசிச்சேன்." சிரித்தார் போலிருந்தது. வைத்துவிட்டார்.

ஆக, இல்லை. பட்டம் இல்லை. இப்போது எழுதும்போதுதான் அழுகை வருகிறது. அவர் போன் செய்தபோது வரவில்லை. நீட்டிப்புக்கு இன்னொரு முறை மனுப் போடலாம். புது கைடு தேட வேண்டும். முப்பத்தொன்பது வயதில் இன்னொருவர் அறை வாசலில் நிற்க வேண்டும். நினைத்தாலே உடம்பு வலிக்கிறது.

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். முதலில் சிரித்தார். "ஏம்புள்ள, நம்மூட்டு மஞ்சளுக்கு அத்தன பவரா?" என்றார். நான் சிரிக்காததும் அடங்கிவிட்டார். பிறகு, "அம்மாட்டச் சொல்லிப்போடாத. வெசனப்பட்டே படுத்துக்கும். மிஷின் ரிப்பேருன்னு சொல்லு" என்றார். சரிங்க என்றேன்.

மார்ச் 9, திங்கள்

பிரின்ஸிபால் அறை. ஏசி ஓடவில்லை. விசிறியடியில் என் ஃபைல் பறக்காமல் இருக்க அதன்மேல் திருநீற்றுத் தட்டை வைத்திருந்தார்.

"மே மாசம் வரைக்கும் இருங்க மேடம். அதுக்கு மேல என் கையில இல்லை. ரூல்ஸ்."

"பரவாயில்லைங்க சார்."

"இன்ஸ்பெக்ஷனுக்குக் கமிட்டி வர்றப்ப மட்டும் லேப்பைக் கொஞ்சம் நல்லா வெச்சுக்குடுத்துருங்க."

அதையும் செய்வேன். வேறென்ன செய்ய.

கணக்கு மேடத்துக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அவருக்கும் பட்டம் இல்லை, அவருக்கும் மே வரைதான். மல்லசமுத்திரம் வந்ததும் இறங்கினேன்.

மார்ச் 11, புதன்

இன்று அத்தையிடம் பட்டம் இந்த வருடம் இல்லை என்று சொன்னேன். மஞ்சள் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். கோணி ஊசியைக் கீழே வைக்கவில்லை.

"போச்சாது, உடு. அடுத்த வருசம் வாங்கிக்கலாம். சேல எங்க போவுது."

வேலையும் மே மாதம் வரைதான் என்றேன். அதற்கும், "ஊட்ல இருந்தா எனக்கும் கூடமாட ஒரு ஆளாச்சு" என்றார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். கையைத் தட்டிவிட்டு எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம். புது வேட்டி ஒன்றோடு வந்தார். சின்னக் கிண்ணத்தில் குழைத்த மஞ்சளும் இருந்தது.

"துணி தீந்துபோச்சுன்னு அன்னைக்கே முணுமுணுத்தயே. நாந்தான் மறந்துபோட்டேன். மே மாசம் வரைக்கும் வேணுமில்ல."

விரலால் மஞ்சளைத் தொட்டு மூலைக்குக் கொண்டுபோனார். என் வாய் முந்திக்கொண்டது. "இதுக்கு வேண்டாங்கத்தை."

"புதுத் துணிக்கு வெக்காம எப்புடிச் சாமி?"

"கண்ணாடி தொடைக்கற துணிங்க. மஞ்சள் ஒட்டிக்கும்."

விரல் நின்றது. அத்தை என்னைப் பார்த்தார். அவர் பள்ளிக்கூடம் போகாதவர்தான், ஆனால் என் முகத்தைப் படிக்க அவருக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம்.

"போன தடவ வெச்சுக் குடுத்தனே."

நான் கிண்ணத்தைப் பார்த்தேன்.

"அதுனாலயா?"

மிஷின் ரிப்பேர் என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்காரர் அதைத்தான் சொல்லச் சொன்னார். நாக்கின் நுனி வரை வந்தது. ஆனால் முகம் தெரியாத யாரோ ஒருத்திக்காக அவ்வளவு பெரிய கைடிடம் நின்று பேசிவிட்டு, சோறு போடுகிற மனுஷியிடம் பொய் சொல்ல வரவில்லை. "ஆமாங்கத்தை. உங்க மேல தப்பில்லைங்க. நான்தான் பாக்காம உட்டுட்டேன்" என்றேன்.

"ம்" என்றார். கிண்ணத்தைக் கீழே வைத்தார். குழாயடிக்குப் போனார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். முதலில் துணிச் சோப்பு, பிறகு பாத்திரச் சாம்பல். நான் பக்கத்தில் போய், விடுங்கத்தை என்றேன். விடவில்லை. வாழ்நாள் முழுக்க மஞ்சளில் இருந்த கை, அதில் எது போகப்போகிறது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. இல்லை. தெரியவில்லை.

மார்ச் 12, வியாழன்

அத்தை பேசவில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது. சந்தைக்கு மஞ்சள் ஏற்ற லாரி வந்தது, ஒரு வார்த்தை பேசாமல் நின்று ஏற்றி அனுப்பினார். லாரிக்காரர் என்னைப் பார்த்து, "அம்மாவுக்கு மேலுக்கு முடியலைங்களா?" என்றார்.

மார்ச் 13, வெள்ளி

வெயில். பையின் ஜிப் இன்று மொத்தமாகப் போய்விட்டது.

ஆய்வகத்தில் பையைத் திறந்தால் டிபன் பாக்ஸுக்கு அடியில் அந்த வேட்டி, நான்காக மடித்து. எப்போது வைத்தார் என்று தெரியாது. நன்றாக அலசி, கஞ்சி போகக் கசக்கிக் காயவைத்த துணி. பிரித்தேன். மஞ்சள் இல்லை. மூலையில் சிவப்பாக ஒரு பொட்டு.

போன் செய்தேன்.

"மஞ்ச வெக்கல சாமி," என்றார் எடுத்தவுடனே. "வெறும் மூலையா எப்படிக் குடுக்கறது, மனசு கேக்கல. துளி குங்குமந்தான் வெச்சேன். அது ஒண்ணும் பண்ணாதில்ல?"

போன தையில் அத்தை வீட்டில் செய்த குங்குமம் அது. மஞ்சளைப் பொடித்து எலுமிச்சம்பழம் பிழிந்த நாளன்று கூடவே உட்கார்ந்து கிளறியவள் நான்.

"மூலையை மட்டும் வெட்டிக்கறேனுங்கத்தை."

"ஓ, அதுவும் மஞ்சதானே" என்றார். இரண்டு நாளைக்குப் பிறகு சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டேதான். "சோத்தத் திரும்பக் கொண்டாந்துராத" என்று வைத்துவிட்டார்.

கத்தரிக்கோலால் மூலையைத் தாராளமாக வெட்டினேன். வெட்டிய துண்டைக் குப்பையில் போட மனம் வரவில்லை, மேஜை டிராயருக்குள். மீதியில் ஒரு துண்டு கிழித்து, ஆசிட்டோனில் நனைத்து, தகட்டைத் துடைத்தேன். இப்போது ஆசிட்டோன் நிறமில்லாத கண்ணாடிப் பாட்டிலில். எதையும் பூசவில்லை. பிளாங்க் முதலில்.

விளக்கின் கீழ் வைத்தேன். இருட்டு.